பன்னெண்டு காம்பரா வேப்பிலை

நோட்டுப் புத்தகமும் கையுமா லயத்துக்குள்ள நுழையுற எந்த மனுசனையும் நான் நம்ப மாட்டேன். வயசாயிருச்சு, இன்னும் அந்தப் புத்தி போகல. சிரிச்சுக்கிட்டேதான் வருவானுங்க. தலையை எண்ணுவானுங்க. எண்ணிட்டுப் போன மறு மாசம் பாதிப் பேரை வேற டிவிசனுக்கு மாத்திருவானுங்க. என் கூட ரப்பர் பால் வெட்டின ரெண்டு குடும்பம் அப்படித்தான் போச்சு. அதனால சுகாதாரம் பாக்குற சர்க்கார் ஆளு, சானிட்டேரி மாத்தையா, மொத தடவையா எங்க லயத்துக்கு வந்தப்ப, நான் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

குருவிட்டைக்கு மேல இருந்த ரப்பர் தோட்டத்துலதான் எங்களுக்கு வேலை. எங்க லயத்துல ஒரே கூரைக்குக் கீழ பன்னெண்டு காம்பரா, ஆறு இந்தப் பக்கம் பாத்து, ஆறு அந்தப் பக்கம் பாத்து. ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். காலையில மரத்தைக் கீறி செரட்டை வச்சுட்டு, அப்புறம் பாலைச் சேத்து ஸ்டோர்ல கொண்டுபோய் ஊத்துவோம். மழை பெஞ்சா பால் வெட்டு இல்ல. அன்னைக்கு நல்ல மழை, அதனால எல்லாரும் வீட்டுலதான் கெடந்தோம்.

அவரு கொடையைப் புடிச்சுக்கிட்டு, கால்சட்டையை மொழங்கால் வரைக்கும் சுருட்டிக்கிட்டு வந்தாரு. கெண்டைக்கால்ல அட்டை கடிச்சு ரத்தம் ஒழுகுது, அது கூடத் தெரியாம நடந்தாரு. பின்னாடி ஒருத்தன் தார்ச்சட்டியோட வந்து ஒவ்வொரு கதவுலயும் நம்பர் போட்டான். எதுக்குடா எங்க கதவுக்கு நம்பருன்னு கேட்டேன். மாத்தையாதான் திரும்பிப் பாத்து, "கொழும்புல கப்பல்ல வந்த ஒருத்தனுக்கு அம்மை கண்டிருக்கு. இங்க வந்துச்சுன்னா என்ன செய்யுறதுன்னு முன்கூட்டியே பாத்து வைக்கிறோம்"னு சொன்னாரு. சிங்களவரு, ஆனா தமிழ் தண்ணி பட்ட பாடு. அது வேற எனக்குச் சரியாப் படல. நம்ம பாஷையை நல்லாக் கத்துக்கிட்டவன்கிட்ட எதையும் மறைக்க முடியாதே!

ஒவ்வொரு வாசல்லயும் நின்னு எத்தனை பேரு, யாரு கையில அம்மை குத்தின தழும்பு இருக்கு, யாருக்குக் காய்ச்சல்னு கேட்டு எழுதினாரு. பக்கத்துக் காம்பராவுல அக்கா நின்னுச்சு. அக்கா வயித்தைப் பாத்தாரு. "எத்தனை மாசம்?"னு கேட்டாரு. அக்கா முந்தானையை இழுத்து வயித்தை மூடிக்கிட்டு உள்ள போயிருச்சு. அவரு ஏதோ எழுதிக்கிட்டாரு.

அக்கா எனக்குக் கூடப் பொறந்தது இல்ல. ஊர்ல இருந்து ஒரே கப்பல்ல வந்தோம், அவ்வளவுதான். எங்கப்பன் ஆத்தா ரெண்டு பேரும் வந்த ரெண்டாம் வருசமே மலைக்காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குச் சோறு போட்டது, தலை வாரினது, கல்யாணம் பண்ணி வச்சது எல்லாம் அந்த அக்காதான். அதுக்கு ரெண்டு புள்ளை பொறந்து, ரெண்டும் மாசம் திரும்பறதுக்குள்ள தவறிப்போச்சு. ஆறேழு வருசம் வயித்துல ஒண்ணும் தங்கல. இது மூணாவது. அந்தப் புள்ளை நல்லபடியா பொறக்கணும்னு அக்காவை விட நான்தான் அதிகமா வேண்டிக்கிட்டேன். இப்பச் சொல்லுறதுல என்ன வெக்கம்? அக்காவுக்கு நான் பட்ட கடனைக் கொஞ்சமாச்சும் தீக்க எனக்குக் கெடச்ச ஒரே வழி, பிரசவத்துல அது பக்கத்துல இருக்கறதுதான்னு நெனச்சேன்.

அடுத்த வாரம், காலையில பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல எங்களை நிக்க வச்சு மாத்தையா பேசினாரு. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டாய் போடப்போறாங்களாம். யாருக்காச்சும் அம்மை கண்டா அங்க கொண்டு வப்பாங்களாம். சாப்பாடு, தண்ணி எல்லாம் வருமாம். லயத்தைச் சுத்திக் கயிறு கட்டுவாங்களாம், உள்ள இருக்கறவன் உள்ள, வெளிய இருக்கறவன் வெளிய. எல்லாம் நம்ம நன்மைக்காம். கடைசியா, "பிள்ளைத்தாச்சிங்க பேரை மொதல்ல குடுக்கணும். அவங்களைத்தான் மொதல்ல பாக்கணும்"னாரு.

போச்சுடா! அந்த ஒரு வார்த்தை போதாதா? ஓடைக்கு அந்தப் பக்கம் எதுன்னா, எங்க சனத்தைப் பொதைக்கிற எடம். அங்க கொண்டுபோய் ஒரு கொட்டாய். அதுல மூங்கில் கட்டில் ஆறு, புதுப் பாய், புதுப் பானை, ஒரு மூட்டை சுண்ணாம்பு, பெரிய கயித்துச் சுருள். இத்தனையும் சும்மாக் கெடக்கவா வாங்கிப் போடுவான்? ஒருத்தருக்கும் ஒரு நோவும் இல்லாதப்பவே கட்டில் போட்டு வச்சிருக்கான்னா, அதுல படுக்கப்போறது யாருன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும்னுதானே அர்த்தம்? இப்படித்தான் நாங்க பேசிக்கிட்டோம். தண்ணி புடிக்கிற பீலியில ஒருத்தி சொன்னா, வயித்துக்காரிங்களை அங்க வச்சிருந்து அப்புறம் வண்டியில ஏத்தி பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் வயித்தைக் கீறிடுவாங்களாம். யாரு சொன்னதுன்னு கேட்டா, யாரோ சொன்னாங்களாம். நான் அதைக் கேட்ட ஒடனே நம்பினேன். கடல் தாண்டறதுக்கு முன்னாடி எங்களைத் தங்க வச்ச கேம்புல, காய்ச்சல்னு ஒரு பெரியவரைத் தனியா கூட்டிட்டுப் போனதை நான் பாத்திருக்கேன். நாங்க கப்பல் ஏறுற வரைக்கும் அவரு திரும்பி வரல.

"என்னை அங்க கொண்டு போயிருவாங்களாடி?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"நான் இருக்கற வரைக்கும் ஒரு பய உன் வாசப்படி மிதிக்க மாட்டான்"னேன்.

வாய்ச்சவடால்தான். ஆனா அன்னைக்கே எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. முந்தின வருசம் கீழ் டிவிசன்ல ஒரு வீட்டுல அம்மா எறங்கியிருந்தா. அந்த வாசல்ல வேப்பிலை தொங்குறதைப் பாத்துட்டு, தோட்டத்து மருந்து ஐயா எட்ட நின்னே திரும்பிப் போனாரு. தொரை கூட குதிரையை வேற பாதையில ஓட்டினாரு. வேப்பிலை இருக்கற வீட்டுக்குள்ள வெளி ஆளு வர மாட்டான், உள்ள இருக்கறவங்களை யாரும் வெளிய கூப்புட மாட்டான். இதை விடக் காவல் வேற என்ன வேணும்? அக்கா வாசல்ல மட்டும் கட்டினா சந்தேகம் வரும். பன்னெண்டு வாசல்லயும் கட்டிட்டா?

பொம்பளைங்ககிட்டச் சொன்னேன். மொதல்ல பயந்தாங்க. அம்மா பேரைச் சொல்லிப் பொய் பண்ணலாமான்னு ரெண்டு பேரு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "அவளுக்குத் தெரியாதா நம்ம எதுக்காகப் பண்றோம்னு? புள்ளையைக் காப்பாத்தத்தானே!"ன்னு நான் ஒரே அடியா அடிச்சுட்டேன். என் வாய்க்கு முன்னாடி அன்னைக்கு யாரும் நிக்க முடியாது. ஆம்பளைங்ககிட்ட நாங்க கேக்கவே இல்ல. அக்காதான் கடைசி வரைக்கும் இழுத்துச்சு. "நெறமாசக்காரி வாசல்ல வேப்பிலையா? தீட்டு நடக்கப்போற வீடுடி இது. அம்மாவுக்குத் தீட்டே ஆகாதே!"ன்னுச்சு. அவ வந்தாத்தானேக்கா தீட்டு, வராத அம்மாவுக்கு என்ன தீட்டுன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்பை இப்ப நெனச்சா என் வாயிலயே ஒண்ணு போடணும்னு தோணுது.

எங்க மழைக்கு வேம்பு தழைக்காது. கோயில் பக்கத்துல ஒண்ணு இருந்துச்சு, நோஞ்சான் மரம், பன்னெண்டு வாசலுக்குக் காணாது. புடவை மூட்டை கட்டிக்கிட்டு வர்ற முஸ்லிம் யாவாரி ஒருத்தரு இருந்தாரு, நானான்னு கூப்புடுவோம், எம்பிலிப்பிட்டிய வரைக்கும் யாவாரம் போறவரு. அந்தக் காஞ்ச பக்கத்துல வேம்பு நெறைய. அடுத்த தடவை வரும்போது ஒரு சாக்கு வேப்பிலை கொண்டு வாங்க நானான்னு சொன்னேன். "திருவிழாவா தங்கச்சி?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். நல்ல மனுசன், சொன்னபடி கொண்டு வந்து குடுத்துட்டு, வயித்துக்காரிக்குன்னு ஒரு பழைய வேட்டித் துணியும் சும்மாவே குடுத்துட்டுப் போனாரு.

அன்னைக்கு மத்தியானமே பன்னெண்டு வாசல்லயும் கட்டிட்டோம். பாக்கவே பயமாத்தான் இருந்துச்சு.

நாலு நாள் கழிச்சு நானா திரும்பவும் வந்தாரு. திருவிழாவுக்குச் சேலை விக்கலாம்னு வந்திருப்பாரு போல. லயத்து முடுக்குல நின்னாரு. பன்னெண்டு வாசலையும் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. நான் பேச வாயெடுக்கறதுக்குள்ள மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு எறங்கிட்டாரு. திருவிழான்னு நான் சொன்னது பொய், நெசமாவே அம்மை வந்திருக்கு, அதை மறைச்சுத்தான் எலை கேட்டிருக்கான்னு அவரு நெனச்சுட்டாரு. நேரா குருவிட்டைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல.

மறுநாள் காலையில ஆம்பளைங்க ஸ்டோருக்கும் மலைக்கும் போயிருந்தாங்க. நாங்க பொம்பளைங்க கெளம்பறதுக்குள்ள மாத்தையா வந்துட்டாரு. கூட ஆறு காவக்காரனுங்க, அந்தக் கயித்துச் சுருள். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள மரத்துக்கு மரம் கயித்தைக் கட்டிட்டானுங்க. அவரு பேசினபடியேதான், உள்ள இருக்கறவன் உள்ள, வெளிய இருக்கறவன் வெளிய. ஆம்பளைங்களை ஸ்டோர்லயே நிறுத்திட்டாங்க. அரிசியும் கருவாடும் மதகுக் கல்லு மேல வந்து எறங்குச்சு. அடேயப்பா, என்ன ஏற்பாடு! ஒண்ணு கூடப் பிசகல. அதைப் பாக்கப் பாக்க எனக்குச் சந்தேகம்தான் கூடுச்சு.

அப்பத்தான் அது நடந்துச்சு. மாத்தையா கயித்தோரமா தனியா நின்னு என்னைக் கைகாட்டிக் கூப்புட்டாரு. போனேன். காவக்காரனுங்க தூரத்துல நின்னானுங்க, பொம்பளைங்க எல்லாம் உள்ள. அவரு கொரலைத் தாழ்த்திக் கேட்டாரு.

"பன்னெண்டு வீட்டுலயும் ஒரே நாள்ல அம்மை வருமா? நான் இப்படிப் பாத்ததில்ல. சும்மாக் கட்டினதா? நெசத்தைச் சொல்லு. உன்மேல கோபமில்ல. சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லு, உள்ள வந்து ஒருக்காப் பாத்துட்டு இப்பவே கயித்தை அவுத்துடுறேன்."

உள்ள வந்து பாத்துட்டு. அது மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு. ஆகா, இதுக்குத்தானே சாமி இவ்வளவு நயமாப் பேசுறே, உள்ள வந்து வயித்துக்காரியைத் தூக்கத்தானேன்னு நெனச்சேன். நெஞ்சை நிமித்திக்கிட்டு அவரு மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன்.

"சும்மா இல்லீங்க மாத்தையா. நெசம்தான். அம்மா எறங்கியிருக்கா. நாலு வீட்டுல முத்து போட்டிருக்கு."

அவரு நோட்டுல எழுதிக்கிட்டாரு. "சரி, ரத்தினபுரியில இருந்து டாக்டரு வந்து பாக்க நாலு நாளாகும், அது வரைக்கும் எல்லாரும் உள்ளயே இருங்க"ன்னாரு. திரும்பிப் போயிட்டாரு. ஏமாத்திட்டேன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். உள்ள போய், "என்னடி கேட்டான்?"னு அக்கா கேட்டதுக்கு, "எத்தனை படி அரிசி வேணும்னு கேட்டான்"னேன்.

மூணாம் நாள் காலையில கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது அக்காவுக்கு வலி எடுத்துச்சு. மொதல்ல எனக்குப் பயமில்ல. ரெண்டு புள்ளை பெத்தவதானே. தண்ணி கொதிக்க வச்சேன், நானா குடுத்த துணியைக் கிழிச்சு வச்சேன். ஆனா பனிக்கொடம் ஒடைஞ்சு ரொம்ப நேரமாகியும் தலை தெரியல. அப்புறம் தெரிஞ்சது ஒரு கை. சின்னக் கை, அவ்வளவுதான்.

கயித்துக்கு ஓடினேன். மேட்டு லயத்து மருத்துவச்சியைக் கூட்டியாங்கன்னு கத்தினேன். ஒரு காவக்காரன் ஓடிப்போய்க் கூட்டியாந்தான். அவ கயித்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்னா. வேப்பிலையைப் பாத்தா. அடி எடுத்து வைக்கல.

"பொய்யிக்கா! நான்தான் கட்டினேன்! ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, வாக்கா!"ன்னேன்.

"நேத்துத்தான் ஒரு புள்ளை எடுத்திருக்கேன். தீட்டுக் கையோட அம்மா வீட்டுல காலை வச்சா என் குடும்பமே கருகிப்போயிரும்"னா.

"அம்மா இல்லக்கா!"

"எலை தொங்குதேடி. பொய்யா ஒருத்தி அம்மா வாசல்ல எலை கட்டுவாளா? உனக்கு அவ உசுரு வேணும், என்கிட்டப் பொய் சொல்லுறே."

அழுதுக்கிட்டேதான் சொன்னா. சொல்லிட்டுப் போயிட்டா. அவளும் பாவம்தான். எங்க சனத்துல பொறந்த எவளும் அந்த எலையைத் தாண்டி வந்திருக்க மாட்டா. அதை நம்பித்தானே நானே கட்டினேன்!

நான் பன்னெண்டு வாசலுக்கும் ஓடி எலையைப் பிச்சு எறிஞ்சேன். மாத்தையாவைக் கூப்புடுன்னு காவக்காரனை மண்ணள்ளித் தூத்தாத கொறையா ஏசினேன். அவரு வர்றதுக்குள்ள பொழுது நடுவானத்துக்கு வந்திருச்சு. அக்கா போடுற சத்தம் கயிறு வரைக்கும் கேட்டுச்சு. ஸ்டோர் மேட்டுல அக்கா புருசனை நாலு பேரு புடிச்சு வச்சிருந்தாங்க.

"மாத்தையா, அம்மை இல்லீங்க! நான் பொய் சொன்னேன்! புள்ளை குறுக்கால கெடக்கு, கை வந்திருச்சு. வண்டி கட்டுங்க மாத்தையா, ரத்தினபுரி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்க!"

அவரு மூஞ்சி மாறல, எனக்கு மட்டும் கேக்குற கொரல்ல பேசினாரு. "முந்தாநாள் நாலு வீட்டுல முத்துன்னு சொன்னே. இன்னைக்கு இல்லைங்கறே. வண்டியில ஏத்தினா வழியெல்லாம், ஆசுபத்திரியெல்லாம் பரவும். எது பொய்? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்லுறதா?"ன்னு கேட்டாரு. நான் அவரை எந்தக் கண்ணால பாத்தேனோ அதே கண்ணால அவரு என்னைப் பாத்தாரு. நான் மண்ணுல விழுந்தேன். எந்திரிச்சுப் போய்ப் புள்ளைங்களை எல்லாம் வெளிய இழுத்தாந்து, சட்டையைக் கழட்டி, வெயில்ல வரிசையா நிக்க வச்சேன். பாருங்க, முதுகைப் பாருங்க, நெஞ்சைப் பாருங்க, ஒரு முத்து இருந்தா என்னைக் கொன்னுருங்கன்னேன். அவரு பாத்தாரு. உள்ள யாரும் இருக்காங்களான்னு கேட்டாரு. வந்து பாருங்கன்னு நானே என் வாயால கூப்புட்டேன். அவரு கயித்தைத் தூக்கிட்டு உள்ள வந்தாரு. காவக்காரன் ஒருத்தனும் கூட வரல.

ஒவ்வொரு காம்பராவா பாத்துட்டு அக்கா காம்பராவுக்கு வந்தாரு. அவரு கையக் கழுவி, சட்டைக் கையச் சுருட்டிக்கிட்டு, என்ன செய்யணும்னு சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். வண்டிக்கு ஆள் அனுப்பியிருந்தாரு. வண்டி மேட்டுல ஏறி வர்ற சத்தம் கேக்கும்போதே புள்ளை வந்திருச்சு. பொம்பளைப் புள்ளை. நீலம் பாரிச்சுப் போயிருந்துச்சு. அவரு அது வாயில வாய வச்சு ஊதினாரு, காலைப் புடிச்சுத் தட்டினாரு. ரொம்ப நேரம் ஊதினாரு. நான்தான் போதும் மாத்தையான்னு சொன்னேன்.

வெளிய வந்து சாக்கடைக் கான் ஓரத்துல உக்காந்தாரு. "எதுக்குக் கட்டினீங்க?"ன்னு கேட்டாரு. "உங்களை உள்ள விடக்கூடாதுன்னுதான்"னேன். அவரு தலையாட்டினாரு. "பிள்ளைத்தாச்சிக்கு அம்மை வந்தா பொழைக்கிறது கஷ்டம். அதான் மொதல்ல அவங்க பேரைக் கேட்டேன். இனி நெசமாவே வந்தா, எனக்கு எப்படித் தெரியும்?"னாரு.

அக்கா பொழைச்சுக்கிச்சு. அப்புறம் அதுக்குப் புள்ளையே உண்டாகல. அந்த வருசம் அம்மையும் எங்க பக்கம் வரல. கொட்டாயில ரப்பர் சீட்டை அடுக்கி வச்சாங்க. மாத்தையா மாசா மாசம் வந்து கானுக்குச் சுண்ணாம்பு போட்டுட்டு, யாருக்குக் காய்ச்சல்னு என்கிட்டத்தான் கேப்பாரு. நான் ஒண்ணு விடாம சொல்லிருவேன். அன்னைக்குக் கயித்தோரத்துல என்னைக் கேட்டதை அவரு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எரக்கத்தாலயா, இல்ல என்னைக் கைக்குள்ள வச்சுக்கவா? பாத்தீங்களா, எனக்கு இப்பவும் அப்படித்தான் தோணுது.

அக்கா மட்டும் அவரைக் கண்டா காறித் துப்பும். வாயில வந்த சாபத்தை எல்லாம் விடும். அது சாகுற வரைக்கும், பீலியிலயும் மலையிலயும் கோயில் வாசல்லயும், பாக்கறவங்ககிட்ட எல்லாம் ஒரே பேச்சுத்தான்.

"எலையைப் பாத்தான், கயித்தைக் கட்டினான். இது நெசமா பொய்யான்னு ஒரு வார்த்தை கேட்டானா அந்தப் பாவி? கேட்டிருந்தா நாங்க சொல்லியிருக்க மாட்டோமா? என் புள்ளை பொழைச்சிருக்காதா?"

சொல்லிட்டு, சாட்சிக்கு என் பக்கம் திரும்பும்.

"ஆமாக்கா"ன்னுவேன். "கேக்கவே இல்ல."